கடலுக்கு அடியில் ஒரே ஒரு கேபிள்

(மின்சாரம் பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பதில் எழுதுபவர், சென்னையில் 33 ஆண்டுகள் புதைவடப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பொறியாளர்.)

எலிபெண்டா குகைக்குப் போயிருந்தேன். அந்தத் தீவில் வீட்டுக்கு வீடு ஃபிரிட்ஜ் ஓடுகிறது. முன்பெல்லாம் சாயங்காலம் மட்டும்தான் கரண்ட் என்று கடைக்காரம்மா சொன்னார். கடல் நடுவே எப்படி வந்தது?
– வாசகர், மாட்டுங்கா, மும்பை

அந்த அம்மா சொன்னது உண்மைதான். தீவின் பெயர் காராபுரி. மூன்று சிற்றூர்கள், ஆயிரம் பேர் அளவுக்கு மக்கள். 2018 பிப்ரவரி வரை, இருட்டிய பிறகு மூன்று மணி நேரம் ஜெனரேட்டர் ஓடும், நின்றுவிடும். பிறகு 7.5 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலடிக் கேபிள் இழுத்து, 22 கிலோவோல்ட்டில் மின்சாரம் கொடுத்தார்கள். செலவு சுமார் 25 கோடி ரூபாய், தலைக்கு இரண்டரை லட்சம். வீண் செலவு என்று சிலருக்குத் தோன்றலாம். எனக்குத் தோன்றவில்லை. நாடு விடுதலை அடைந்து 70 ஆண்டுகள், எதிர்க்கரையில் மும்பை ஜெகஜோதியாக எரிவதைப் பார்த்துக்கொண்டே அந்த மக்கள் இருட்டில் படுத்திருந்தார்கள்.

ஐயா, கடலடிக் கேபிளில் ஏன் டிசி மின்சாரம் அனுப்புகிறார்கள்? ஏசி போகாதா?
– பொறியியல் மாணவி, திருநெல்வேலி

போகும் அம்மா. திசை மாறி மாறி ஓடுவது ஏசி, ஒரே திசையில் ஓடுவது டிசி. காராபுரிக்குப் போவது ஏசிதான். தூரம் கூடும்போதுதான் சிக்கல்.

கேபிளை வெட்டிப் பார்த்திருக்கிறாயா? நடுவில் செம்பு அல்லது அலுமினியம், சுற்றிலும் இன்சுலேஷன், அதன்மேல் ஈயக் கவசம், வெளியே இரும்புக் கம்பி ஆர்மர். செம்புக்கும் ஈயத்துக்கும் நடுவே இரண்டு விரல் அகலம்கூட இருக்காது. அப்படியானால் முழுக் கேபிளும் ஒரு நீண்ட கெப்பாசிட்டர், அதாவது மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கும் தொட்டி. ஏசி விநாடிக்கு 50 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் அந்தக் கெப்பாசிட்டரை இரண்டு தடவை நிரப்பி வடிக்க வேண்டும். வாய்க்காலையே நிரப்பி நிரப்பி வடித்துக்கொண்டிருந்தால் கடைமடை வயலுக்கு என்ன போய்ச் சேரும்? நீளம் கூடக் கூட, கேபிள் தாங்கக்கூடிய கரண்டை இந்த வேலையே தின்றுவிடும். டிசியில் ஒரு தடவை நிரப்பினால் போதும்.

இதை வணிக அளவில் முதலில் செய்து காட்டியது சுவீடன், 1954இல். கோட்லாந்து தீவுக்கு ஏறத்தாழ 100 கிலோமீட்டர் கடல். 100 கிலோவோல்ட் டிசி, 20 மெகாவாட். போட்டது ஒற்றைக் கேபிள். திரும்பி வரும் கரண்டுக்குக் கம்பியே இல்லை, கடல்நீர்தான் வழி! ஏசியை டிசியாக்கும் பாதரச வால்வுகளை உனோ லாம் என்ற பொறியாளர் ஆண்டுக்கணக்கில் பாடுபட்டு உருவாக்கினார். அவர் பெயரை உன் நோட்டில் எழுதி வைத்துக்கொள்.

எங்கட ஊர் யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில உள்ள நெடுந்தீவு. இன்னும் டீசல் ஜெனரேட்டர்தான். கடலுக்குக் கீழால ஒரு கேபிள் இழுத்தால் பிரச்சினை தீர்ந்துவிடும்தானே? ஏன் செய்கிறார்கள் இல்லை?
– வாசகி, ஸ்காபரோ, கனடா

தங்கச்சி, கேபிள் இழுப்பது கடினமே இல்லை. குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து படகில் போகிற தூரம்தான், ஏசியே தாராளமாகப் போகும். ஆனால் ‘ஒரு கேபிள் இழுத்தால் தீர்ந்துவிடும்’ என்கிறீர்களே, அங்கேதான் எனக்குப் பயம்.

தான்சானியாவின் சான்சிபாரில் நடந்ததைச் சொல்கிறேன். 1980இல் ராஸ் கிரோமோனி கரையிலிருந்து தீவின் ஃபும்பாவுக்கு ஒரு கேபிள் போட்டார்கள். 132 கிலோவோல்ட், 45 மெகாவாட். முக்கியத் தீவான உங்குஜா முழுவதும் அந்த ஒன்றையே நம்பியிருந்தது. 2008 மே மாதம் இணைப்பு அறுந்தது, ஏறக்குறைய நான்கு வாரம் இருட்டு. சரிசெய்தார்கள். 2009 டிசம்பரில் மறுபடி போயிற்று. இந்தத் தடவை மூன்று மாதம், 2010 மார்ச்சில்தான் விளக்கு எரிந்தது. விளக்கு இல்லாமலாவது இருந்துவிடலாம். தண்ணீர் பம்புகளும் மின்சாரத்தில் ஓடுபவை. குழாயில் தண்ணீர் நின்றது. ஜெனரேட்டர் வாங்க முடிந்தவர்கள் தப்பித்தார்கள், மற்றவர்கள் குடத்தைத் தூக்கினார்கள். 37 கிலோமீட்டர் நீளத்தில், 100 மெகாவாட் கொண்டுபோகும் அடுத்த கேபிள் வந்தது 2013இல்.

மூன்று மாதமா என்று மலைக்காதீர்கள். நான் தரையில் பார்த்த வேலையை வைத்துச் சொல்கிறேன். ஒரு ஐப்பசி மழையில், பள்ளம் தோண்டிய பொக்லைன் எங்கள் 33 கிலோவோல்ட் ஃபீடர் கேபிளைக் கிழித்துவிட்டது. பள்ளம் கண்ணெதிரே கிடந்ததால் இடம் தேடும் வேலை இல்லை. மேலே தார்ப்பாய் கட்டி, இரண்டு பேர் அதைப் பிடித்துக்கொண்டே நிற்க, ஜாயின்ட் போட்டு முடிக்க விடிந்துவிட்டது. உள்ளே ஒரு சொட்டு ஈரம் போயிருந்தால் சார்ஜ் செய்த நிமிடமே வெடிக்கும். வியர்வை விழக்கூடாது என்று தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு குனிந்திருந்த ஜாயின்டர் அண்ணனை இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

கடலில் அந்தப் பள்ளமே கண்ணுக்குத் தெரியாது. கரையிலிருந்து ஒரு துடிப்பை அனுப்பி, அது எதிரொலித்துத் திரும்பும் நேரத்தை வைத்துத் தூரம் கணக்கிட வேண்டும். அதற்கென்றே உள்ள கப்பல் வேண்டும். அது உலகில் எங்கே நிற்கிறதோ, அங்கிருந்து வர வேண்டும். பிறகு கேபிளை வெட்டி, இரு முனைகளையும் மேலே தூக்கி, நடுவே புதுத் துண்டு சேர்த்து, அசையும் தளத்தில் ஜாயின்ட் போட வேண்டும். கடல் கொந்தளித்தால் எல்லாம் நிற்கும்.

உங்கள் ஊர்க் கடலில் இன்னொன்றும் உண்டு. ஆழம் குறைவு. கடலடிக் கேபிளுக்குப் பெரிய எதிரிகள் நங்கூரமும், படகு அடித்தரையோடு இழுத்துப் போகும் வலையான இழுவைமடியும். இழுவைமடியை விரித்துப் பிடிக்கும் பலகைகள் அடித்தரையைக் கீறிக்கொண்டே போகும். இலங்கை 2017இல் அந்தத் தொழிலைச் சட்டப்படி தடை செய்தும், பாக்கு நீரிணையில் எங்கள் பக்கத்து விசைப்படகுகள் இழுப்பது நிற்கவில்லை. இதனால் உங்கள் மீனவர்களுக்கு நேரும் இழப்பை நினைத்தால் இந்தக் கரைக்காரனான எனக்கு வருத்தம்தான். அங்கே கேபிளை அடித்தரையில் சும்மா கிடத்தக்கூடாது, அகழி வெட்டிப் புதைக்க வேண்டும். செலவு ஏறுவது அதில்தான்.

ஆகவே நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் சூரிய ஒளி, காற்று, பேட்டரி, துணைக்கு டீசல் என்று 1.1 கோடி டாலர் இந்திய நன்கொடையில் 2022இல் ஒப்பந்தம் போட்டார்களே, அதை நான் குறைவாக நினைக்கவில்லை. கேபிளுக்கு முன்னால் அது வருவதுதான் சரியான வரிசை. தீவு தன் காலில் நின்ற பிறகு கேபிள் வந்தால், காற்று நன்றாக வீசும் மாதங்களில் நீங்கள் யாழ்ப்பாணத்துக்கே மின்சாரம் அனுப்பலாம்.

நாளைக்கே கேபிள் வந்தாலும் பழைய டீசல் ஜெனரேட்டரை மட்டும் விற்கவிடாதீர்கள். மாதம் ஒரு தடவை, உண்மையான லோடு கொடுத்து, ஒரு மணி நேரமாவது ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். முதலில் ஆஸ்பத்திரியையும் தண்ணீர் பம்பையும் அதில் இணைத்துப் பார்க்கட்டும்.