கேளுங்கள், சொல்கிறேன்: பையன்களின் வீரம் யாருக்கு?

கேள்வி: ‘சுப்ரமணியபுரம்’ மாதிரி, தெருக் கோஷ்டிப் பையன்களை வைத்து அந்தக் காலத்து நினைப்போடு எடுத்த வெளிநாட்டுப் படம் ஒன்று சொல்லுங்களேன்.
- செல்லூர் வாசகர்

பதில்: 1979-ல் ஃபிலிப் காஃப்மன் எடுத்த ‘தி வாண்டரர்ஸ்’ பாருங்கள். ரிச்சர்ட் பிரைஸின் நாவல்தான் மூலம். கதை நடப்பது 1963-ல், நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில். இத்தாலியப் பையன்கள் ஒரு கோஷ்டி, கறுப்பினப் பையன்கள் ஒரு கோஷ்டி, சீனப் பையன்கள் ஒரு கோஷ்டி. மொட்டை போட்ட தடியன்கள் தனி. கோஷ்டிக்கொரு ஜாக்கெட், ஃபோர் சீசன்ஸ் என்ற பாட்டுக்குழுவின் பாட்டு, பள்ளிக்கூட வம்பு, காதல் என்று படம் துள்ளிக்கொண்டு போகும்.

என்னை உலுக்கியது ஒரே இடம். அந்த மொட்டைக் கோஷ்டி குடிபோதையில் அமெரிக்க ராணுவத்தின் மரைன் படையில் சேரக் கையெழுத்துப் போட்டுவிடுகிறது. தெருவையே நடுங்கவைத்த பயல்கள்! வியட்நாம் போர் காத்திருக்கிறது என்பது பார்க்கிற நமக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. ‘சுப்ரமணியபுரம்’ படத்தின் 1980 மதுரையில் அழகர், பரமன் என்ற இரண்டு பையன்களையும் கட்சிக்காரரின் தம்பி கனகு கொலைக்கு அனுப்பிவிட்டு, அவர்கள் ஜெயிலுக்குள் போனதும் கைகழுவுகிறானே, அதுவேதான் இதுவும். அங்கே பட்டாளம், இங்கே கட்சிக்காரர் வீடு.

சிம்மக்கல் பக்கம் எங்கள் சந்திலும் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். தேர்தல் வந்தால் கட்சிக்காரர்கள் பையன்கள் தோளில் கைபோட்டுப் புரோட்டா வாங்கிக் கொடுப்பார்கள். கேஸ் என்று ஆனபிறகு ஸ்டேஷன் வாசலில் நிற்பது அம்மாக்கள் மட்டும்தான். அதனால்தான் இந்த இரண்டு படங்களையும் வெறும் அடிதடிப் படம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

கேள்வி: இந்தப் படங்களைப் பார்த்தால் பிள்ளைகள் கெட்டுப்போக மாட்டார்களா? என் மகன் பிளஸ் ஒன் படிக்கிறான்.
- திருமங்கலம் வாசகி

பதில்: ‘தி வாண்டரர்ஸ்’ இப்போது வேண்டாம்மா, விரசமான காட்சிகள் உண்டு. ‘சுப்ரமணியபுரம்’ படத்திலும் ரத்தம் அதிகம். ஆனாலும் மகன் பக்கத்தில் நீங்களும் உட்கார்ந்து கடைசிவரை பாருங்கள். ‘கண்கள் இரண்டால்’ பாட்டை மட்டும் செல்போனில் பார்த்துவிட்டு, அந்தத் தாடியையும் பெல்பாட்டத்தையும் ரசிக்கிற பையன்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை. முடிவைப் பார்த்தவனுக்கு அந்த மயக்கம் இருக்காது. படம் முடிந்ததும் புத்தி சொல்ல ஆரம்பிக்காதீர்கள். காசி ஏன் கூட்டாளியைக் காட்டிக்கொடுத்தான் என்று மட்டும் கேளுங்கள். அவன் பேசட்டும்.