கார் செட்டைக் கழற்ற சைக்கிள் கம்பி போதுமா? நெல்லைப் பக்கத்துக் கேள்விகளும் பதில்களும்

கம்பெனியிலிருந்து வரும்போதே காரில் பொருத்தி வரும் பாட்டு செட்டை வீட்டிலேயே கழற்றுவது பற்றி பாளை, அம்பை, வள்ளியூர்ப் பக்கமிருந்து நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். வண்டியின் பெயரும் வருஷமும் சொல்லாதவர்களுக்குப் பொதுவாகத்தான் பதில் சொல்ல முடிந்தது.

கேள்வி (பாளையங்கோட்டை): அண்ணாச்சி, பழைய ஃபோர்டு ஐகான் வைத்திருக்கிறேன். செட்டின் முகத்தில் இடப்பக்கம் இரண்டு, வலப்பக்கம் இரண்டு, ஆக நாலு சின்ன ஓட்டை இருக்கிறது, ஸ்குரூ எதுவும் கண்ணில் படவில்லை. கடையில் கேட்டால் தனிச் சாவி வேண்டும் என்கிறார்கள். அதை வீட்டில் செய்ய முடியுமா?

பதில்: தாராளமாகச் செய்யலாம் தம்பி. முதலில் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். டேஷ்போர்டுக்குள் ஒரு தகரக்கூடு இருக்கும், தீப்பெட்டிக்குள் தட்டு நுழைகிற மாதிரி செட்டு அதற்குள் நுழைந்து நிற்கும். செட்டின் இரண்டு பக்கவாட்டிலும் ஸ்பிரிங் பட்டை இருக்கிறது, அது கூட்டின் விளிம்பில் மாட்டிக்கொள்வதால்தான் எவ்வளவு இழுத்தாலும் வராது. அந்த நாலு ஓட்டையும் அந்தப் பட்டையை அமுக்குவதற்கான வழி, அவ்வளவுதான்.

கட்டுக்கம்பி வேண்டாம், உள்ளே போய் வளைந்துவிடும். துணி மாட்டும் ஹேங்கர் கம்பியும் பெரும்பாலும் எளிதில் வளையும் கம்பி. சைக்கிள் கடையில் பழைய போக்ஸ் கம்பி கேளுங்கள், சும்மாவே கொடுப்பார்கள். சாதாரணமாக 2 மில்லிமீட்டர் கனம் இருக்கும், விறைப்பானது. ஒரு முனையில் மொட்டும் வளைவும் இருக்கும், மறு முனையில் மரை இருக்கும், இரண்டையும் வெட்டி எறிந்துவிடுங்கள், மரையோடு விட்டால் ஓட்டைக்குள் பிளாஸ்டிக்கைச் சுரண்டும். ஒரு பக்கத்து இரண்டு ஓட்டைக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று ஸ்கேல் வைத்துப் பார்த்து, அந்த அகலத்துக்குக் குறட்டில் பிடித்து 'ப' மாதிரி வளையுங்கள். இதேபோல இரண்டு வேண்டும். முனைகளை அரத்தால் ராவி உருட்டிவிடுங்கள், கூராக விடக்கூடாது.

பேட்டரியின் மைனஸைக் கழற்றிவிட்டு (அதற்கு முன்னால் கீழே கோடு நம்பர், அதாவது செட்டைத் திறக்கும் ரகசிய எண் (code), பற்றிச் சொல்லியிருப்பதைப் படித்துவிடுங்கள்) இரண்டு கம்பியையும் நேராக உள்ளே விடுங்கள். ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் போனதும் 'டிக்' என்று ஒரு சின்ன அசைவு விரலில் தெரியும். அது வந்த பிறகு இடக்கம்பியை இடப்பக்கமாகவும் வலக்கம்பியை வலப்பக்கமாகவும் லேசாக விரித்தபடி செட்டை நேராக இழுக்க வேண்டும். கடைச் சாவியின் முனையில் ஒரு வெட்டு இருக்கும், அது செட்டைக் கவ்விக்கொண்டு வரும். நம் கம்பியில் அது இல்லாததால் கம்பியைப் பிடித்து இழுத்தால் கம்பி மட்டும்தான் கையோடு வரும். ஆகவே கூட ஒருவர் இருந்து செட்டின் விளிம்பைப் பிடித்து இழுத்தால் நல்லது. ஒரு பக்கம் வந்து மறுபக்கம் நின்றால் கோணலாகப் பிடுங்காதீர்கள், திரும்ப உள்ளே தள்ளிவிட்டு முதலிலிருந்து ஆரம்பியுங்கள். கோணலாக இழுக்கும்போதுதான் கூடு நெளிகிறது, நெளிந்த கூட்டில் புதுச் செட்டும் சரியாக உட்காராது.

கேள்வி (வள்ளியூர்): மாருதி ஸ்விஃப்ட். இதில் ஓட்டையே இல்லையே அண்ணாச்சி, கம்பியை எங்கே விடுவது?

பதில்: எங்கேயும் விடாதீர்கள். மாருதி, ஹூண்டாய், டொயோட்டா போன்ற வண்டிகளில் பெரும்பாலும் கம்பிச் சாவி வேலையே கிடையாது. செட்டைச் சுற்றி இருக்கும் பேனல் கிளிப்பில் நிற்கும், அதை எடுத்தால் பின்னால் ஸ்குரூவோ 10 மில்லிமீட்டர் போல்ட்டோ தெரியும்.

பேனலை எடுக்கத் திருப்புளியைச் சொருகாதீர்கள், தயவுசெய்து. சொருகிய இடத்தில் விழுந்த பள்ளம் வண்டி இருக்கும்வரை இருக்கும். காலாவதியான ஏடிஎம் கார்டு இரண்டைச் சேர்த்து வைத்தால் போதும். இல்லையென்றால் நம் ஊரில் கிடைக்காததா, காய்ந்த பனை மட்டையில் ஒரு விரல் அகலச் சிம்பு எடுத்து முனையை ஆப்பு மாதிரி சீவி உப்புத்தாளில் தேய்த்துவிடுங்கள். டேஷ்போர்டில் கோடு விழாது, உடைந்தாலும் சிம்புதான் உடையும். விளிம்பில் மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொண்டு ஒரு மூலையில் ஆரம்பித்து ஒவ்வொரு கிளிப்பாக வாருங்கள். கிளிப் கழன்றால் 'டப்' என்று தடித்த சத்தம் கேட்கும், 'சடக்' என்று மெல்லிய சத்தம் வந்தால் கால் ஒடிந்துவிட்டது என்று அர்த்தம்.

சித்திரை வெயிலில் மத்தியானம் உட்கார்ந்து இந்தச் சோலியைப் பார்க்க வேண்டாம், சூட்டில் பேனல் இளகி நெம்பிய இடம் அமுங்கும். காலையில் நிழலில் செய்யுங்கள். பேனல் கழன்றவுடன் வெடுக்கென்று இழுத்துவிடாதீர்கள், பின்னால் ஹசார்டு விளக்குச் சுவிட்சின் கப்ளர் (ஒயர்களை மாட்டும் பிளக்) மாட்டியிருக்கலாம். கியர் மேல் ஒரு துண்டைப் போட்டுவைத்தால் தவறி விழும் ஸ்குரூ உள்ளே போகாது.

கேள்வி (திசையன்விளை): என் செட்டில் ஓட்டைக்குப் பதிலாக மெல்லிய பிளவு மாதிரி இருக்கிறது. தேரி மண்ணு வேறு உள்ளே ஏறி இறுகிவிட்டது.

பதில்: பிளவு என்றால் தட்டைச் சாவி. பழைய ஸ்கோடா, ஃபோக்ஸ்வாகன் செட்டுகளிலும், வெளியில் வாங்கி மாட்டும் செட்டுகள் பலவற்றிலும் இந்த முறைதான். ஆக்சா பிளேடை உடைத்து, பல்லைச் சாணையில் தேய்த்துவிட்டு, பிளவின் அகலத்துக்குக் குறுக்கிக்கொள்ளுங்கள். சாணை பிடிக்கும்போது அடிக்கடி தண்ணீரில் முக்குங்கள், பிளேடு நீலம் பாய்ந்துவிட்டால் விறைப்புப் போய்விடும். பெட்டி கட்டி வரும் இரும்புப் பட்டையும் நன்றாக உதவும். அந்தச் சிவப்பு மண்ணுக்கு, முதலில் பழைய பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி வேக்யூம் வைத்து உறிஞ்சுங்கள். பஞ்சர் கடைக் காற்றை நேராக அடித்தால் மண்ணு சிடி போகும் வாய்க்குள் போய் உட்காரும். எண்ணெய் விடவே வேண்டாம், மண்ணோடு சேர்ந்து களிம்பாகிவிடும்.

கேள்வி (மேலப்பாளையம்): துபாயிலிருந்து மச்சான் ஒரு செட்டு கொண்டுவந்தார். மாட்ட வந்த எலெக்ட்ரீசியன், கம்பெனி கப்ளரை வெட்டித்தான் சேர்க்க வேண்டும் என்கிறார். சரியா?

பதில்: வேண்டாம். இந்தக் கேள்வி பதிலில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். கம்பெனி கப்ளரை வெட்டக்கூடாது. வெட்டிவிட்டால் பழைய செட்டைத் திரும்ப மாட்ட முடியாது, வண்டியை விற்கும்போது வாங்குகிறவர் டேஷ்போர்டுக்குள் டேப் சுற்றிய கொத்தைத்தான் பார்ப்பார், அந்த டேப் நம் ஊர்ச் சூட்டில் பசை உருகிக் கழன்று ஒயரோடு ஒயர் உரசும். நல்ல நிலையில் இருந்த எத்தனையோ வண்டிகளின் ஒயரிங் இப்படி ஐந்து நிமிஷ அவசரத்தில் பாழாகியிருக்கிறது, பார்க்கவே வயிறு எரிகிறது. உங்கள் வண்டிக்கு ஏற்ற கன்வெர்ட்டர் கப்ளர் என்று கேட்டு வாங்குங்கள். அதன் ஒரு முனை கம்பெனி கப்ளரில் அப்படியே மாட்டும், மறுமுனையை மட்டும் புதுச் செட்டின் ஒயரோடு ஈயம் வைத்துப் பற்றவைத்து ஸ்லீவ் (ஒயர் மேல் போடும் உறை) போட வேண்டும். வெட்டுவது, ஒட்டுவது எல்லாம் அந்தத் துண்டில்தான் நடக்கும், வண்டி ஒயரில் கை படாது.

வெளியில் வாங்கும் செட்டுகளில் பெரும்பாலும் மஞ்சள் நேரடி 12 வோல்ட், சிவப்பு சாவி போட்டால் மட்டும் வரும் கரண்ட், கறுப்பு எர்த், நீலம் ஏரியலுக்கு, நீலத்தில் வெள்ளைக் கோடு ஆம்ப்ளிஃபயருக்கு, ஆரஞ்சு விளக்குக்கு. ஸ்பீக்கரில் வெள்ளை முன் இடது, சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது, அதே நிறத்தில் கறுப்புக் கோடு போட்டிருந்தால் மைனஸ். ஆனால் இது செட்டுப் பக்கத்து நிறம். வண்டிப் பக்கம் ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு நிறம் வைத்திருக்கும், அங்கே நிறத்தை நம்பாமல் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். ஸ்பீக்கர் மைனஸ் என்றால் எர்த் என்று நினைத்து அதைப் பாடியில் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள், செட்டுக்குள் இருக்கும் ஐசி போய்விடும்.

கேள்வி (சேரன்மகாதேவி): அண்ணாச்சி, கடையில் புதுச் செட்டு மாட்டினோம். ஒவ்வொரு தடவை வண்டியை அணைத்துப் போடும்போதும் மணி, ஸ்டேஷன் எல்லாம் அழிந்துபோகிறது. எங்கள் அண்ணன் வண்டியில் இதற்கு நேர்மாறு, மூன்று நாள் நிறுத்தினால் பேட்டரி இறங்கிவிடுகிறது.

பதில்: இரண்டும் ஒரே இடத்துக் கோளாறுதான் தங்கச்சி. உங்கள் வண்டியில் மஞ்சளும் சிவப்பும் இடம் மாறியிருக்கும், அல்லது இரண்டையும் சேர்த்துச் சாவிக் கரண்டில் கொடுத்திருப்பார்கள், அதனால் நினைவுக்குக் கரண்ட் இல்லை. அண்ணன் வண்டியில் இரண்டையும் சேர்த்து நேரடிக் கரண்டில் கொடுத்திருக்க வாய்ப்பு அதிகம், செட்டு முழுசாகத் தூங்குவதே இல்லை. சில ஐரோப்பிய வண்டிகளில் கப்ளரிலேயே இந்த இரண்டும் இடம் மாறி வரும், அதற்காகவே சில கன்வெர்ட்டரில் மஞ்சளையும் சிவப்பையும் மாற்றி மாட்ட நடுவில் ஒரு இணைப்பு வைத்திருப்பார்கள். மாட்டிய கடைக்கே போய்க் கேளுங்கள், பத்து நிமிஷ வேலை, காசு கேட்கக்கூடாது.

கேள்வி (தச்சநல்லூர்): புதுச் செட்டில் சத்தம் வருகிறது, பேஸ் மட்டும் வரவே இல்லை. ஸ்பீக்கர் போய்விட்டதா?

பதில்: போயிருக்காது. ஒரு ஸ்பீக்கரில் பிளஸ் மைனஸ் மாறியிருக்கும், ஒன்று முன்னால் தள்ளும்போது மற்றது பின்னால் இழுப்பதால் பேஸ் ஒன்றை ஒன்று தின்றுவிடும். செட்டிலிருந்து ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றிவிட்டு 1.5 வோல்ட் பென்சில் பேட்டரியை ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். பேட்டரி பிளஸ் எந்த ஒயரில் படும்போது கூம்பு வெளியே வருகிறதோ அதுதான் பிளஸ்.

கேள்வி (வண்ணாரப்பேட்டை): பேட்டரி மாற்றிய பிறகு செட்டு கோடு நம்பர் கேட்கிறது. தெரிந்த நம்பர்களை எல்லாம் போட்டுப் பார்த்தேன், இப்போது பூட்டிக்கொண்டது.

பதில்: இனிமேல் ஊகித்துப் போடாதீர்கள், போடப் போடக் காத்திருக்கும் நேரம்தான் கூடும். வண்டியோடு வந்த புத்தகத்தில் சின்ன அட்டை இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் செட்டைக் கழற்றி அதன் உடம்பில் ஒட்டியிருக்கும் லேபிளில் சீரியல் நம்பரை எழுதிக்கொண்டு, ஆர்.சி. புத்தகத்தோடு கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போங்கள். மற்றவர்களும் கேட்டுக்கொள்ளுங்கள், கோடு கையில் இல்லாமல் பேட்டரி மைனஸைக் கழற்றக்கூடாது. பழைய சாமான் கடையில் கோடு இல்லாத செட்டு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள், யார் வண்டியிலிருந்து வந்ததோ.

கேள்வி (களக்காடு): டேஷ்போர்டுக்குள் கை விட்டால் ஏர்பேக் வெடித்துவிடும் என்கிறார்களே?

பதில்: செட்டைக் கழற்றுவதால் வெடிக்காது. மஞ்சள் நிறக் கப்ளர், மஞ்சள் உறை போட்ட ஒயர் கண்ணில் பட்டால் அது ஏர்பேக்குடையது, அதைத் தொடக்கூடாது, மல்டிமீட்டர் முனையும் வைக்கக்கூடாது. சாவியை எடுத்து, பேட்டரி மைனஸைக் கழற்றிச் சில நிமிஷம் விட்டு வேலையை ஆரம்பியுங்கள். மைனஸ் இல்லாதபோது சாவியைப் போட்டுத் திருப்பிப் பார்க்காதீர்கள், டேஷ்போர்டு மீட்டரில் ஏர்பேக் விளக்கு எரிந்துகொண்டே இருக்க இதுவும் ஒரு காரணமாகிவிடும்.

கேள்வி (ஸ்ரீவைகுண்டம்): 2023 டிசம்பர் வெள்ளத்தில் வண்டி சீட்டு வரை மூழ்கியது. எஞ்சின் வேலை எல்லாம் பார்த்துவிட்டோம். செட்டு அப்போதிலிருந்து விட்டு விட்டுப் பாடுகிறது.

பதில்: காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டிய மழை அது, அந்த வெள்ளத்தில் நின்ற வண்டிகளின் கப்ளரைக் கழற்றிப் பார்த்தால் பித்தளை முனையில் பச்சைப் பூஞ்சணம் மாதிரி படிந்திருக்கும். உவரி மாதிரிக் கடற்கரை ஊர்களில் வெள்ளம் இல்லாமலே உப்புக் காற்றில் இது வருகிறது. செட்டைக் கழற்றி, பின்பக்க முனைகளையும் கப்ளரையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் பல் துலக்கும் பிரஷ்ஷும் வைத்துத் தேய்த்து நன்றாகக் காயவிடுங்கள். செட்டுக்குப் பின்னால் 10 அல்லது 15 ஆம்பியர் ஃபியூஸ் இருக்கும், அதன் கால்களையும் பாருங்கள். சீட்டு வரை தண்ணீர் நின்றதால் கதவு ஸ்பீக்கரின் காகிதக் கூம்பும் ஊறியிருக்கும், அதை மாற்றத்தான் வேண்டும்.

கேள்வி (கல்லிடைக்குறிச்சி): எனக்குப் பாட்டை விட ரேடியோதான் முக்கியம். பழைய செட்டில் திருநெல்வேலி வானொலி கணீரென்று வரும். மகன் மாட்டிக்கொடுத்த வெளிநாட்டுச் செட்டில் மீடியம் வேவில் அந்த ஸ்டேஷனே நிற்க மாட்டேன் என்கிறது, எஃப்எம்மும் இரைகிறது.

பதில்: ஐயா, திருநெல்வேலி வானொலி மீடியம் வேவில் 1197 கிலோஹெர்ட்ஸ். நம் நாட்டில் மீடியம் வேவ் ஸ்டேஷன்கள் 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் இருக்கின்றன. அமெரிக்க அமைப்பில் வைத்த செட்டு 10, 10 ஆகத் தாவும், 1190க்கு அப்புறம் 1200தான், 1197இல் அது நிற்கவே நிற்காது. செட்டின் மெனுவில் ஏரியா அல்லது ரீஜன் என்று இருப்பதை ஆசியா அல்லது ஐரோப்பா என்று மாற்றச் சொல்லுங்கள். ஜப்பான் நாட்டுக்கென்று செய்த செட்டாக இருந்தால் எஃப்எம் பட்டையே 76 மெகாஹெர்ட்ஸில் ஆரம்பித்து 90 பக்கம் முடிந்துவிடும், அதை மெனுவில் சரிசெய்ய முடியாமல் போகலாம்.

இரைச்சலுக்குக் காரணம் பெரும்பாலும் அந்த நீல ஒயர். கூரை மேல் குட்டி ஏரியல் இருக்கும் வண்டிகளில் ஏரியலுக்குள்ளேயே ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர் இருக்கும், அதற்கு 12 வோல்ட் கொடுப்பது இந்த நீலம்தான், மாட்டுகிறவர்கள் தேவையில்லை என்று மடித்து டேப் சுற்றிவிடுவார்கள். அதைச் சேர்த்துவிட்டு, ஏரியல் பிளக் கடைசிவரை அழுந்தியிருக்கிறதா என்றும் பாருங்கள். அப்படியும் வராமல் வேறு செட்டு வாங்குவதாக இருந்தால், இப்போது மீடியம் வேவே இல்லாத செட்டுகளும் விற்கின்றன, ஆகையால் கடையிலேயே ஏரியல் ஓட்டையில் ஒரு நீள ஒயரைச் சொருகச் சொல்லி 1197இல் சத்தம் வருவதைக் கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்.