ஜோ-1 பாசிட்டிவ்: உடலில் புரதமே உருவாகாதா?

கேள்வி: எனக்கு வயது 44. நான்கு மாதமாகக் கையைத் தூக்கித் தலை வாரக்கூட முடியவில்லை. விரல் ஓரங்களில் தோல் வெடித்திருக்கிறது. மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. ரத்தப் பரிசோதனையில் 'ஜோ-1 ஆன்டிபாடி பாசிட்டிவ்' என்று வந்திருக்கிறது. புரதம் தயாரிக்க உதவும் ஒரு நொதிக்கு எதிரானது இது என்று படித்தேன். அப்படியானால் என் உடலில் புரதமே உருவாகாதா? புரதப் பவுடர் சாப்பிட்டால் சரியாகுமா?

பதில்: உருவாகும், அதில் சந்தேகமே வேண்டாம். நீங்கள் போகிற போக்கில் சொல்லியிருக்கும் மூச்சு வாங்கல்தான் எனக்குக் கவலையாக இருக்கிறது.

முதலில் அந்த நொதி. பெயர் ஹிஸ்டிடைல் டிஆர்என்ஏ சின்தடேஸ். அமினோ அமிலங்களைக் கோத்த சரம்தான் புரதம். கோக்கும் இடமான ரைபோசோமுக்கு அவற்றைச் சுமந்து வருபவை டிஆர்என்ஏக்கள். எதில் எதை ஏற்றுவது என்று பார்த்து ஏற்றிவிடுவது இந்த வகை நொதிகளின் வேலை. உங்கள் ரிப்போர்ட்டில் இருப்பது ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்துக்கானது. செல்லின் எரிபொருளான ஏடிபியைச் செலவழித்து அமினோ அமிலத்தைத் தயார்ப்படுத்தி, அப்புறம் டிஆர்என்ஏவின் நுனியில் ஒட்டிவிடும். இங்கே தப்பினால் ரைபோசோமும் கண்டுபிடிக்காது. அது டிஆர்என்ஏவின் மூன்றெழுத்துக் குறியைப் பார்க்குமே தவிர, சரக்கைப் பார்க்காது. 1962-இல் டிஆர்என்ஏவில் ஏற்றிய சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தை வேதிமுறையில் அலனின் என்ற இன்னொன்றாக மாற்றிச் சோதித்தார்கள். சிஸ்டீன் வர வேண்டிய இடத்தில் அலனின் போய் உட்கார்ந்துகொண்டது! அதனால்தான் இந்த வகை நொதிகளில் சில, தவறாக ஏற்றியதைத் தாங்களே வெட்டி எறிந்துவிடுகின்றன.

இவ்வளவு முக்கியமான நொதி முடங்கினால் எந்தச் செல்லும் பிழைக்காது. உங்கள் நகமும் முடியும் வளர்ந்துகொண்டுதானே இருக்கின்றன? அவையும் புரதம்தான். நொதி இருப்பது செல்லுக்குள்ளே, ஆன்டிபாடி சுற்றுவது ரத்தத்தில். உங்கள் கை பலவீனத்துக்குக் காரணம் புரதப் பற்றாக்குறை அல்ல, தசையில் அழற்சி இருக்கலாம். உடலின் எதிர்ப்புச் சக்தி தன் தசையையும் மூட்டையும் நுரையீரலையுமே தாக்கும் 'ஆன்டிசின்தடேஸ் சிண்ட்ரோம்' என்ற நோயை ஜோ-1 சுட்டிக்காட்டுகிறது. விரல் வெடிப்பும் இதோடு பொருந்துகிறது. 'மெக்கானிக் கை' என்போம். ஆனாலும் ஒரு ரிப்போர்ட்டை மட்டும் வைத்து முடிவு கட்டக்கூடாது.

வாத நோய் நிபுணரைத் தாமதிக்காமல் பாருங்கள். தசை நொதியான சிகே அளவு, நுரையீரல் செயல்திறன் சோதனை, நெஞ்சுக்கு ஹெச்ஆர்சிடி எனும் நுட்பமான சிடி ஸ்கேன் ஆகியவை தேவைப்படும். இந்த நோயில் நுரையீரல் பாதிப்புதான் பெரும்பாலும் ஆபத்தானது. சிலருக்குத் தசை வலிக்கு முன்பே அது தொடங்கிவிடும். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறினால் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

புரதப் பவுடரோ ஹிஸ்டிடின் மாத்திரையோ இதைக் குணமாக்காது. வழக்கமாக ஸ்டீராய்டும், அதோடு எதிர்ப்புச் சக்தியை அடக்கும் இன்னொரு மருந்தும் தருவார்கள். கொஞ்சம் தெம்பு வந்ததும் ஸ்டீராய்டை நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். அளவைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.