தொண்டியில் படகு, காரைக்குடியில் வீடு: பெட்ரோல் செலவு

வணக்கம். 40 குதிரைசக்தி அவுட்போர்டு (பின்பக்கம் வெளியே மாட்டும் இன்ஜின்) வைத்த படகை வாங்கித் தொண்டியில் நிறுத்தினால், மணிக்கு எவ்வளவு பெட்ரோல் போகும் என்று கேட்டிருந்தீர்கள்.

முழு வேகத்தில் ஃபோர் ஸ்ட்ரோக் என்றால் சுமார் 15 லிட்டர். பழைய கார்புரேட்டர் டூ ஸ்ட்ரோக் இன்னும் கூடுதலாகக் குடிக்கும்; ஆயில் செலவும் தனி. முக்கால் வேகத்துக்கு இறக்கினால் கிட்டத்தட்ட பாதியாகிவிடும். ஆனால் ரொம்ப மெதுவாக்கி, மூக்கைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் அமுங்கியபடி ஓட்டாதீர்கள். அந்த நிலையில்தான் கிலோமீட்டருக்கு அதிகம் செலவாகும். படகு தண்ணீர் மேல் எழும்பி வழுக்கியதும் ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் குறையுங்கள், போதும். அடியில் பாசியும் சிப்பியும் ஒட்டியிருந்தால் இந்தக் கணக்கெல்லாம் எடுபடாது.

பெட்ரோலை விட எனக்குக் கவலை, படகு சும்மா கிடக்கும் மாதங்கள்தான். பெட்ரோல் பங்கில் வருவது எத்தனால் கலந்த பெட்ரோல். டாங்கில் நாள்பட்டால் ஈரத்தை இழுத்து, தண்ணீர் அடியில் பிரிந்து தங்கும். காரைக்குடியிலிருந்து தேவகோட்டை, திருவாடானை தாண்டித் தொண்டிக்கு எப்போதாவதுதான் போவீர்கள் என்றால், மிச்சத்தை வடித்துக் காரில் ஊற்றிவிடுங்கள். ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு மட்டும் இது சரி, டூ ஸ்ட்ரோக்கின் ஆயில் கலந்த பெட்ரோலை ஊற்றக் கூடாது. ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் நல்ல தண்ணீரில் இன்ஜினை அலசவும் ஆள் வேண்டும். அந்த ஆள் கூலியையும், 100 மணி நேர ஓட்டத்துக்கு ஒரு சர்வீஸையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். டூ ஸ்ட்ரோக்கா, ஃபோர் ஸ்ட்ரோக்கா என்று சொன்னால் மேற்கொண்டு எழுதுகிறேன்.