சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு விமானத் தூரம் எவ்வளவு? பயண நேரம் எவ்வளவு?

நேர்த்தூரம் சுமார் 15,345 கிலோமீட்டர். இடையில் எங்கும் இறங்காத விமானத்தின் அட்டவணை நேரம் 18 மணி 40 நிமிடத்தையொட்டி இருக்கும். ஆனால் இந்த இரண்டு எண்களையும் ஒன்றை மற்றொன்றால் வகுத்து வேகம் கணக்கிட முடியாது. ஏனெனில் விமானம் பெரும்பாலும் அந்த 15,345 கிலோமீட்டர் பாதையில் பறப்பதில்லை.

தூரக் கணக்கை நீங்களே காகிதத்தில் போட்டுப் பார்க்கலாம். சிங்கப்பூர் ஏறத்தாழ கிழக்குத் தீர்க்கரேகை 104 பாகையிலும், நியூயார்க் மேற்கு 74 பாகையிலும் உள்ளன. கூட்டினால் 178, அதாவது உலக உருண்டையின் கிட்டத்தட்ட எதிரெதிர்ப் பக்கங்கள். ஆகவே மிகக் குறுகிய வழி வடதுருவத்தை ஒட்டியே செல்லும். அட்சரேகைக் கணக்கில் சிங்கப்பூரிலிருந்து துருவம் வரை 88.6 பாகை, அங்கிருந்து நியூயார்க் வரை 49.4 பாகை, மொத்தம் 138; பாகைக்கு 111 கிலோமீட்டர் வீதம் பெருக்கினால் விடை 15,300-ஐத் தாண்டி நிற்கும்.

நான் ஒரு ஜூலை மாதத்தில் இந்த விமானத்தில் சென்றேன். துருவத்தைக் கடப்போம் என்று எதிர்பார்த்து இருக்கைத் திரையின் வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு ஏமாற்றம்தான்: விமானம் ஜப்பான் பக்கமாக வளைந்து, பசிபிக் பெருங்கடலைக் கடந்து வட அமெரிக்காவுக்குள் நுழைந்தது. இப்படிச் சென்றால் தூரம் 16,000 கிலோமீட்டரைத் தாண்டிவிடும் என்றாலும், பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி வீசும் ஜெட் காற்றோட்டம் பின்னாலிருந்து தள்ளுவதால் நேரமும் எரிபொருளும் மிச்சமாகின்றன. குளிர்காலத்தில் அதன் வேகம் சில இடங்களில் மணிக்கு 200 கிலோமீட்டருக்கும் மேல் செல்லும். திரும்பும்போது அதே காற்று எதிரியாகிவிடுமாதலால், அட்லாண்டிக்கைக் கடந்தோ துருவப் பகுதியை ஒட்டியோ அன்றைய வானிலைக்கேற்ப வழியைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2004-இல் நியூயார்க்கை அடுத்துள்ள நியூவர்க் விமான நிலையத்துக்கு இத்தகைய நேரடிச் சேவையைத் தொடங்கி, நான்கு எஞ்சின் ஏர்பஸ் ஏ340-500 விமானத்தின் எரிபொருள் செலவு கட்டுப்படியாகாமல் 2013-இல் நிறுத்தியது. 2018-இல் இரண்டு எஞ்சின் ஏ350-900-இன் நெடுந்தூர வகையைக் கொண்டு மீண்டும் தொடங்கியது. எடையைக் குறைக்க அதில் 161 இருக்கைகள் மட்டுமே வைத்தார்கள். சிக்கன வகுப்பு கிடையாது. எனவே பயணச்சீட்டு விலை கையைக் கடிக்கும். குறைந்த விலைதான் முக்கியம் என்றால், பிராங்க்பர்ட் போன்ற ஓர் ஊரில் இறங்கி ஏறும் வழியைப் பாருங்கள். ஏறக்குறைய முழுநாள் பிடிக்கும்.

கோடையில் இரு ஊர்களுக்கும் சரியாக 12 மணி நேர வித்தியாசம் என்பதால் முள் கடிகாரத்தைத் திருத்தவே வேண்டியதில்லை. தேதியில் மட்டும் கவனமாக இருங்கள்: நியூயார்க்கில் திங்கள் இரவு பத்தரை மணிக்கு ஏறினால் சிங்கப்பூரில் இறங்குவது புதன் விடியற்காலையில். விமான நிலையத்துக்கு அழைத்துப் போக வரச் சொல்லியிருந்த உறவினரிடம் நான் செவ்வாய் என்று சொல்லிவிட்டேன்.