பழைய கலிபிரேஷன் ஃபைலைத் திருப்பிப் போடலாமா, கையால் திருத்தலாமா?

இரத்மலானையில் உங்கள் பேக்கிங் லைன் கணினியின் ஹார்ட் டிஸ்க் போய், சொஃப்ட்வெயரைப் புதிதாக ஏற்றிய பிறகு, 0–10 வோல்ட் அனலொக் அவுட்புட் கார்ட் (கணினி சொல்லும் எண்ணை வோல்ட்டேஜாக மாற்றித் தருவது), மோட்டரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இன்வேர்ட்டருக்குச் சரியான வேகத்தைக் கொடுக்கவில்லை என்கிறீர்கள். பேக்கப்பில் இருக்கிற கலிபிரேஷன் ஃபைலை, அதாவது கார்டின் சிறு பிழைகளைச் சரிசெய்யும் எண்கள் உள்ள ஃபைலை, போடலாமா என்பது கேள்வி.

அதே கார்டின் ஃபைல் என்றால் தாராளமாகப் போடலாம். ஒரே மொடலில் இரண்டு கார்ட் எடுத்தாலும் கெயினும் (கேட்டதை எத்தனை மடங்காகத் தருகிறது) ஓஃப்செட்டும் (எல்லா அளவிலும் ஒரே மாதிரி கூடும் அல்லது குறையும் வோல்ட்டேஜ்) ஒன்றாக இராது. ஃபைலுக்குள் சீரியல் நம்பர் இருந்தால் கார்டில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரோடு ஒப்பிடுங்கள். இடையில் யாரோ கார்டை மாற்றியிருந்தால் (நம் வேர்க்‌ஷொப்புகளில் அதை எழுதிவைக்கிறவர் யார்?) அந்த ஃபைலால் பயன் இல்லை.

மெஷின் ஜெர்மனியிலிருந்து வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு முதல் சந்தேகமே அங்கேதான். ஜெர்மன் செட்டிங்கில் தசமப் புள்ளிக்குக் காற்புள்ளி வரும். ஃபைலில் 1,005 என்று இருந்து, இப்போது விண்டோஸை ஆங்கில செட்டிங்கில் போட்டிருந்தால், சில சொஃப்ட்வெயர் அதை ஆயிரத்து ஐந்து என்று வாசிக்கும். சில, ஃபைலையே ஒதுக்கிவிட்டுச் சத்தமில்லாமல் டிஃபோல்ட்டுக்குப் போய்விடும். கடைசி வரியில் செக்சம் (ஃபைல் மாறியிருக்கிறதா என்று பார்க்கும் சரிபார்ப்பு எண்) இருந்தாலும் இதே கதைதான்: கையால் ஓர் எழுத்தை மாற்றினாலே நிராகரிக்கும். சொஃப்ட்வெயர் தன் பிழைகளைக் குறித்துவைக்கும் லொக் ஃபைலைத் திறந்து பாருங்கள்.

கையால் திருத்தத்தான் வேண்டும் என்றால், முதலில் ஒரிஜினலை வேறு பெயரில் எடுத்து வையுங்கள். பிறகு ஃபைலில் கெயின் 1, ஓஃப்செட் 0 என்று போட்டு அளவிடுங்கள். பழைய திருத்தம் உள்ளே இருக்கும்போது அளந்து புதியதை எழுதினால், இரண்டில் எது எதைத் திருத்தியது என்று தெரியாது. மோட்டரை இன்வேர்ட்டரிலிருந்து கழற்றிவிடுங்கள். கார்டை அரை மணி நேரம் சூடாக விடுங்கள்.

0 வோல்ட்டிலும் 10 வோல்ட்டிலும் அளக்க வேண்டாம். 0–10 கார்டால் பூச்சியத்துக்குக் கீழே இறங்க முடியாது; ஓஃப்செட் மைனஸில் இருந்தாலும் மீற்றர் 0 என்றே காட்டும். 1 வோல்ட், 9 வோல்ட் கேளுங்கள். 1 கேட்டு 1.017, 9 கேட்டு 9.057 வந்தது என்று வைப்போம். வித்தியாசம் 8.040, அதை 8 ஆல் வகுத்தால் கெயின் 1.005. ஓஃப்செட் 1.017 − 1.005 = 0.012. இனி 5 வோல்ட் வேண்டுமென்றால் கார்டுக்குச் சொல்ல வேண்டியது (5 − 0.012) ÷ 1.005, அதாவது 4.963.

இங்கேதான் பலர் சறுக்குவது: ஃபைல் எதிர்பார்ப்பது பிழையையா, திருத்தத்தையா? சில ஃபைல்களில் 1.005 போட வேண்டும், சிலவற்றில் அதன் தலைகீழ் (1 ÷ 1.005). மெனுவலில் இல்லையென்றால் ஓஃப்செட்டை மட்டும் 0.1 கூட்டிப் பாருங்கள். வோல்ட்டேஜ் ஏறுகிறதா இறங்குகிறதா என்பது பதிலைச் சொல்லிவிடும்: ஏறினால் திருத்தம், இறங்கினால் பிழை. லினக்ஸில் கொமெடி (இப்படியான கார்டுகளை இயக்கும் சொஃப்ட்வெயர்) ஓடுகிறவர்களுக்கு இன்னொன்று: அதன் ஃபைலில் பொலினோமியலின் (திருத்தத்தைக் கணக்கிடும் சமன்பாட்டின்) முதல் எண், பூச்சியத்தில் உள்ள மதிப்பு அல்ல, எக்ஸ்பான்ஷன் ஒரிஜினில், அதாவது அந்த ஃபைலே தொடக்கப் புள்ளியாகக் குறிப்பிடும் இடத்தில், உள்ள மதிப்பு.

12 பிட் கார்ட் என்றால் 10 வோல்ட்டை 4096 படிகளாகப் பிரிக்கிறது, ஒரு படியே 2.44 மில்லிவோல்ட். அதற்குக் கீழே துரத்த வேண்டாம்.

இதே அளவை இன்வேர்ட்டர் டெர்மினலிலும் எடுங்கள். கார்டில் சரியாக இருந்து அங்கே மாறினால், அல்லது இன்வேர்ட்டர் ஓடும்போது மட்டும் மாறினால், குற்றம் வயரிலோ ஏர்த்திலோ இருக்கிறது. ஃபைலில் கை வைக்காதீர்கள். மீற்றர் சந்தேகமாக இருந்தால் கொழும்பு பௌத்தாலோக மாவத்தையில் உள்ள கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனத்தில் விசாரியுங்கள், அங்கே அளவீட்டுக் கருவிகளுக்குக் கலிபிரேஷன் சேவை உண்டு. ஓடிட் வருகிற தொழிற்சாலை என்றால் எப்படியும் அந்தச் சான்றிதழைக் கேட்பார்கள்.