கதைய திருத்திப் போடணுமாம்!

கேள்வி: போன இதழ்ல உலக தேவதைக் கதைகள்னு ஒரு தொகுப்பு போட்டிருந்தீங்க. பொண்ணுக்கு படிச்சுக் காட்ட உக்காந்தா எங்க பாத்தாலும் சித்தி கொடுமை, கால வெட்டறது, கண்ண கொத்தறது. நானே ரெண்டாந்தாரமா வந்து அவள வளக்கறவ. நம்ம பாட்டிங்க கதையில இதெல்லாம் கிடையாது. இந்த வெளிநாட்டு சரக்க கொஞ்சம் திருத்தி நீதியோட போட்டா என்ன?
- ஒரு வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: போடலாம்ங்கம்மா, ஆனா அப்படி திருத்தப் போய்தான் உங்கள மாதிரி சித்திமாருக்கு இந்த கெட்ட பேர் இன்னும் கூடிப் போச்சு. 1812ல ஜெர்மனியில கிரிம் அண்ணன் தம்பி முதல் தொகுப்பு போட்டப்போ ஸ்னோ ஒயிட்ட கொல்ல ஆள் அனுப்பினது பெத்த தாய், சித்தி இல்ல. குழந்தைங்க கையில போற புஸ்தகமாச்சே, பெத்தவ இப்படி செய்யலாமான்னு கூச்சம் வந்து 1819 பதிப்புல அந்தம்மாவ பிள்ளை பொறந்ததும் சாகடிச்சிட்டு அந்த எடத்துக்கு ஒரு சித்திய கொண்டு வந்தாங்க. ஹான்சலையும் கிரெட்டலையும் காட்டுல விட்டுட்டு வரச் சொன்னவளும் மொதல்ல சொந்த அம்மாதான், 1840 பதிப்புக்குள்ள அவளும் சித்தி ஆயிட்டா. உங்கள மாதிரியே நல்ல மனசுதான், பழி மட்டும் ரெண்டாந்தாரம் தலையில.

அந்த கண்ணு கொத்தற விஷயம் இன்னும் வேடிக்கை. சிண்ட்ரெல்லா கதையில 1812ல சித்தியோட பொண்ணுங்க கால வெட்டி செருப்புல திணிக்கறது உண்டு, ஆனா கண்ணு கொத்தல் கிடையாது. கெட்டவங்களுக்கு தண்டனை இல்லாம முடிஞ்சா எப்படின்னு 1819ல ரெண்டு புறாவ விட்டு அந்த அக்காமாருங்க கண்ண எடுத்தாங்க. நீங்க கேக்கற நீதி அதுதானே?

நம்ம பாட்டி கதையில கொடுமையே இல்லையா? நல்லதங்காள் கதை எந்த ஊர் கதைங்க? பஞ்சத்துல பொறந்த வீடு தேடி வந்தவள அண்ணிக்காரி மூளி அலங்காரி சோறு போடாம விரட்ட, பெத்த ஏழு பிள்ளைங்களயும் ஒண்ணொண்ணா கிணத்துல தூக்கிப் போட்டுட்டு அவளும் குதிச்சாளே, அத பெரிய எழுத்து புஸ்தகமா வாங்கி வச்சு ராத்திரி விளக்குல படிச்சு அழுததெல்லாம் நம்ம பாட்டிங்கதான்.

வெளிநாட்டு சரக்குங்கறதும் எனக்கு ஒப்பல. சிண்ட்ரெல்லாவ பிரான்ஸ்ல பெரோ எழுதினது 1697, ஆனா சீனாவுல ஒன்பதாம் நூற்றாண்டுலயே துவான் செங்ஷி எழுதி வச்சாச்சு, யே ஷியன்னு ஒரு பொண்ணு, மீன் எலும்புகிட்ட வரம் கேப்பா, தங்கச் செருப்ப தொலைப்பா (அங்கயும் ஒரு சித்தி உண்டு, மன்னிச்சுக்கங்க). 1893ல மரியன் காக்ஸ்ங்கற ஒரு அம்மா இந்தக் கதைக்கும் இதோட ஒட்டின கதைகளுக்குமா சேத்து 345 வடிவம் திரட்டி போட்டாங்க. மைசூர்ல தமிழ் வீட்டுல பொறந்த ஏ.கே.ராமானுஜன் கன்னடத்துல இருந்து ஹஞ்சின்னு ஒண்ணு எடுத்துக் கொடுத்தாரு, அதுல செருப்பே கிடையாது, பொண்ணு மூஞ்சிய மறைக்க மண்ணுல ஒரு முகமூடி. உங்க சேலத்துலயே குகைப் பகுதியில இருந்து பொன்னம்மாபேட்டை வரைக்கும் ஒரு நட நடந்து பாருங்க, தமிழ், தெலுங்கு, கன்னடம், சௌராஷ்டிரம்னு தறி வீட்டுக்குள்ள கேக்கும், இதுல எந்தக் கதை யாரோடதுன்னு யாரு பிரிக்கறது?

ஏற்காட்டு மலையாளி ஜனங்க (மலைவாசிங்க, பேசறது தமிழ்தான்) காஞ்சிபுரத்துல இருந்து அண்ணன் தம்பி மூணு பேர் மலையேறி வந்த கதைய சொல்வாங்க, பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன். சேர்வராயன் மலை யாருக்கு, கொல்லிமலை யாருக்கு, பச்சைமலை யாருக்குங்கறது சொல்றவங்கள பொறுத்து மாறும். மாறட்டும். நாங்க போட்டா கேட்ட மாதிரி, எந்த ஊர்ல கேட்டதுன்னு சேத்துப் போடுவோம், எல்லா வடிவத்தையும் ஒண்ணாக்கி "சரியான" கதைன்னு போட மாட்டோம்.

உங்க வீட்டுல உங்க பொண்ணுக்கு சொல்லும்போது நீங்க தாராளமா மாத்துங்க, சித்திய நல்லவளாக்குங்க, புறாவுக்கு பொரி போட்டு அனுப்பி வைங்க, வாயால சொல்றவங்களுக்கு அந்த உரிமை எப்பவும் உண்டு. அச்சுல போடற எனக்கு அது கிடையாது, நான் மாத்தினா அடுத்து வர்றவன் அதத்தான் ஒரிஜினல்னு நெனைப்பான்.

அடுத்த இதழ்ல அந்த ஹஞ்சி கதை வருது. சித்தி இல்ல, சந்தோஷமா படிங்க. வில்லன் கூடப்பொறந்த அண்ணன், அப்புறம் ஒரு சாமியார். இனி அவங்க பக்கத்துல இருந்து என்ன கடுதாசி வரப்போகுதோ.